சந்திரம்மாள் பெயரில் ஒரு கார்

சந்திரம்மாளுக்குச் சொந்தமாக ஒரு கார் இருக்கிறதென்று அரசாங்கக் கம்ப்யூட்டர் சொன்னது. டெல்லியில், மங்கோல்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கே வந்து, ஜூலை மாதப் புழுக்கத்தில் வரிசையில் நின்று, பதினொன்றரைக்கு ஜன்னலில் முகத்தைக் காட்டியவளிடம் தாலுகா அலுவலகக் குமாஸ்தா இந்தச் சேதியைச் சொன்னான். நாலு சக்கர வண்டி வைத்திருக்கிற குடும்பத்துக்கு, ஏழை என்று காட்டும் வருமானச் சான்றிதழ் கிடையாது. மனு தள்ளுபடி, அடுத்தவர் வரலாம்.

"என் பேரிலா? காரா?" என்று இந்தியில் கேட்டாள்.

"பெயர் சந்திரம்மாள். கணவர் பெயர் வேலு. ஆதாரில் கடைசி நாலு எண் இதுதானே? அப்புறம் என்ன? போன வருடம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், தன்தேரஸ் அன்றைக்கு வாங்கியிருக்கிறாய். வெள்ளை நிறம்."

நிறம் வரைக்கும் சொன்னான், படுபாவி.

பக்கத்தில் நின்ற மகள் இளவரசிக்கு முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டாவது முடித்து, நர்சிங் கல்லூரியில் ஏழைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய இலவச இடத்துக்கான பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வருமானச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அன்று திங்கட்கிழமை.

"அண்ணா, கார் இருந்தா நாங்க எதுக்கு பஸ்ல வந்து இப்படி நிக்கப்போறோம்?" என்று இளவரசி இந்தியில் மன்றாடினாள்.

"பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் வண்டி இல்லையென்றால், விற்ற ஷோரூமில் எழுதி, முத்திரை குத்தி வாங்கி வாருங்கள்" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் வண்டி எண்ணைக் கிறுக்கித் தள்ளினான்.

வெளியே வந்ததும் மகள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, சச் சொல்லு, பொய் வேணாம். ஒனக்கு நெஜமாவே தெரியாதா?"

பளாரென்று ஒன்று வைத்திருப்பாள் சந்திரம்மாள். பெற்ற பெண்ணே கேட்கிறாளே என்று கை ஓங்கிவிட்டது. ஆனால் அதற்குள் கண் சீட்டின் மேல் விழுந்துவிட்டது. அவளுக்கு எழுத்து சரியாக வராது, எண் நன்றாக வரும். கடைசி நாலு எண் 4471. ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த வண்டியை அவளுக்குத் தெரியும். எட்டு மாதமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் அதைக் கழுவிக்கொண்டிருப்பவளே அவள்தான்.

சந்திரம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த அக்கிரமம் முழுசாக விளங்கும். உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வேலுவைக் கட்டிக்கொண்டு டெல்லிக்கு வந்தவள். இன்றைக்கு நாற்பத்தாறு. இந்த ஊரில் கார்கள் பறக்கிற மேம்பாலங்களில் மூன்றுக்காவது அவள் தலையில் ஜல்லி சுமந்திருக்கிறாள். இடுப்பு விட்டுப்போன பிறகு காலனிகளில் கார் துடைத்தாள். வேலு நெஞ்சுச் சளியில் இருமி இருமிச் செத்து ஏழு வருடமாகிறது. அதற்கு முந்தின வருடம் ஒரு கார் ஷோரூமின் பின்பக்கத்து யார்டில் வண்டி கழுவுகிற வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அங்கேதான்.

அந்தக் குடும்பம் சொந்தமாக வாங்கிய வாகனம் மொத்தம் ஒன்று. பழைய இரும்புக் கடையில் வாங்கிய சைக்கிள். இரண்டாம் மாதமே திருட்டுப் போயிற்று. ஸ்டேஷனுக்குப் போனால், ரசீது இல்லாத சைக்கிள் உன்னுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுத் துரத்தினார்கள். வேலு ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தான்.

ஷோரூமின் முன்பக்கம் கண்ணாடியும் குளிர்ச்சியுமாக இருக்கும். நடுவில் ஒரு பித்தளை மணி தொங்கும். ஒவ்வொரு வண்டியும் விற்றுப்போகிறபோது, வாங்கியவர் அந்த மணியை அடிக்க வேண்டும், வேலை செய்கிற எல்லோரும் போட்டது போட்டபடி கைதட்ட வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். மணியைப் புளி போட்டுத் துலக்குவது சந்திரம்மாளின் வெள்ளிக்கிழமை வேலை. துலக்கலாம், அடிக்கக்கூடாது.

வாடிக்கையாளர்கள் உட்காருகிற இடத்தில் ஒரு பெரிய டிவி இருந்தது. போன தீபாவளிக்கு மறுவாரம் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, டை கட்டிய ஒருவர் அதில் பேசினார். இந்தப் பண்டிகைக்கு வண்டி விற்பனை எகிறிவிட்டதாம். ஜனங்கள் வண்டி வாங்குகிறார்கள் என்றால் அவர்கள் கையில் காசு புழங்குகிறது, நாளைக்கும் வரும் என்ற தைரியம் இருக்கிறது, நாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். இந்தி அவளுக்கு நன்றாகப் புரியும். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாளிடம், "எல்லார் கையிலயும் காசு பொழங்குதாம் குஞ்சி, நம்ம கையிலதான் ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்லி அலுத்துக்கொண்டாள். அன்று தொட்டு அது அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது. ஊரே மேலே போகிறது, நமக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். யார்டில் விற்காத வண்டிகள் சுவரோரம் வரைக்கும் நெருக்கியடித்து நின்றதைத் தினமும் பார்த்தவள்தான். ஆனாலும் டிவியைத்தான் நம்பினாள்.

அந்தச் சுவரோரம், வேப்பமரத்தடியில், பதினோரு புது வண்டிகள் நம்பர் பிளேட் போட்டபடி நின்றன. சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. விற்காத வண்டிக்கு எதற்கு நம்பர் என்று ஒருமுறை கேட்டாள். ஓட்டிப் பார்க்கிற வண்டிகள் என்றார்கள். எட்டு மாதத்தில் ஒருவரும் அவற்றை ஓட்டிப் பார்க்கவில்லை, காக்கைகள்தான் உட்கார்ந்து பார்த்தன. அதில் நாலாவது வண்டி 4471.

இப்போது அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தன்தேரஸ் அன்று காலை, பதிவு வேலை பார்க்கிற பாலசுப்ரமணியம் யார்டுக்கே தேடி வந்தான். முப்பத்தைந்து வயசு. அப்பா சர்க்கார் உத்தியோகம், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், அதில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஷோரூமிலேயே அவளை 'அக்கா' என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"அக்கா, தீவாளி பாக்ஸுக்கு சைன் வேணும். ஆதார் காப்பி ஒன்னு குடுங்க. ஜல்தி, சாப் வெயிட் பண்றார்."

"எங்க போடணும் தம்பி?"

"இங்க, இங்க, அப்றம் இந்தப் பக்கம்."

"இத்தினி எடத்துலயா? போன வருசம் ஒன்னுதான போட்டேன்?"

"ரூல் மாறிடுச்சு அக்கா. போன்ல ஒரு நம்பர் வரும், அதயும் சொல்லிடுங்க."

சொன்னாள். வேறு யாராவது கேட்டிருந்தால் மகளிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்றிருப்பாள், அவள் அப்படி ஒன்றும் ஏமாளி அல்ல. தமிழில் அக்கா என்று கேட்டதால் போட்டாள். ஒரு மிட்டாய் டப்பாவும் ஒரு போர்வையும் கிடைத்தன.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்ப் பாலசுப்ரமணியத்தின் மேஜையில் வீசினாள்.

"இந்தா, ஒன் போர்வ. என் காரு எங்க?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அக்கா, மெதுவா பேசுங்க."

"எதுக்கு மெதுவா? எம் பொண்ணு சீட்டு போவுது, நான் மெதுவா பேசணுமா? என்னாத்துலடா கையெழுத்து வாங்குன?"

தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் சொன்னான். தன்தேரஸுக்குள் நூற்றிருபது வண்டி விற்றுக் காட்ட வேண்டும் என்று வண்டி தயாரிக்கிற கம்பெனியிலிருந்து உத்தரவு. நூற்றொன்பதுதான் விற்றது. மீதிப் பதினொன்றை ஊழியர்கள் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார்கள். பதிவாகிவிட்டால் கணக்கில் விற்றதாகிவிடும், ஷோரூமுக்கு வர வேண்டிய சலுகை வந்துவிடும். பிறகு மெதுவாக ஆள் பார்த்து, இரண்டாம் கை வண்டியாக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம்.

"வாட்ச்மேன் பேர்ல ஒன்னு, டீ போடறவர் பேர்ல ஒன்னு... என் பேர்லயும் ஒன்னு இருக்கு அக்கா. நான் என்ன பண்ணுவேன்? மாட்டேன்னா நௌக்ரி போயிடும், வேலயே இருக்காது."

"அப்ப அந்த டிவியில சொன்னானே, ஜனங்க கையில காசு பொழங்குதுன்னு. அந்தக் கணக்குல நானும் இருந்தனா?"

அவன் மேஜைமேல் கிடந்த போர்வையை மடிக்க ஆரம்பித்தான்.

"சொல்றா. நானும் ஒருத்தியா?"

"ஆமா அக்கா. ரெஜிஸ்டர் ஆன எல்லாம் கணக்குதான்."

சந்திரம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எட்டு மாதமாக, நமக்கு மட்டும் ஏன் விடியவில்லை என்று அவள் வயிறெரிந்து பார்த்த அந்தக் கூட்டத்தில் அவளே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஊராருக்கு வசதி வந்துவிட்டது என்று காட்ட அவள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த வசதிதான் இப்போது மகளின் படிப்பைக் கேட்கிறது. "காகிதமில்லன்னு சைக்கிள என்னுதில்லன்னானுங்க. காகிதம் இருக்குன்னு இப்ப காரு என்னுதுங்குறானுங்க. நல்லாருக்குடா ஒங்க நாயம்!" என்று கத்திவிட்டு, நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

மேனேஜர் நாரங் அவளை உட்காரச் சொல்லவில்லை. எட்டு வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. "நல்ல நேரத்தில் வந்தாய், நானே கூப்பிட இருந்தேன்" என்று இந்தியில் சொல்லி, இரண்டு படிவங்களை நீட்டினார். 4471-க்கு ஆள் கிடைத்துவிட்டதாம். மூன்று மணிக்கு வருகிறார்களாம். பெயர் மாற்ற அவள் கையெழுத்து வேண்டுமாம்.

"போடுகிறேன். அதற்கு முன்னால், இந்த வண்டியை நான் வாங்கவில்லை, நீங்கள்தான் என் பெயரில் போட்டீர்கள் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுங்கள்."

"பைத்தியமா? அந்தக் காகிதம் கம்பெனிக்காரன் கையில் கிடைத்தால் இந்த ஷோரூமையே மூடிவிடுவான்."

"வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் என் பெண்ணுக்கு இடம் போய்விடும் சாப்."

"அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம். என்ன அவசரம்?"

அந்த ஒரு வார்த்தைதான். அதுவரைக்கும் 'சாப்' என்று ஒட்டிக்கொண்டிருந்த மரியாதை அந்த இடத்திலேயே உதிர்ந்தது. தன் மகன் விஷயத்தில் இந்த ஆள் ஒரு வருடத்தை இப்படி ஊதித் தள்ளுவாரா? சந்திரம்மாள் வெளியே நடந்தாள். "வேலை வேண்டாமா உனக்கு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"வேலை உங்களுடையது. வண்டி என்னுடையது" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைகளில் உள்ளே துடைப்பதற்காகச் சுவரோர வண்டிகளின் சாவி அவளிடம்தான் இருக்கும். வேப்பமரத்தடிக்குப் போனாள். 4471-ஐத் திறந்து, ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து, நாலு கதவையும் உள்ளேயிருந்து பூட்டினாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எட்டு வருடமாகக் கழுவுகிறவளுக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் குளிர்காற்று வரும் என்று தெரியாதா? அழுத்தினாள். பிளாஸ்டிக் உறை முதுகுக்கடியில் சரசரத்தது. வெளியில் நாரங் கண்ணாடியைத் தட்டினார், திட்டினார், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்கள். யார் பெயரில் வண்டி என்று அவர்களே பார்க்கட்டும்" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அவர் போனை எடுத்தார், பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு வாங்குகிறவர் மனைவியோடு வந்தார். கையில் மாலை, தேங்காய், மிட்டாய். வண்டிக்குள் அழுக்குப் புடவையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, யார் இது என்று கேட்டார். நாரங் வாயைத் திறப்பதற்குள் சந்திரம்மாள் கண்ணாடியை இறக்கினாள்.

"நான் இந்த வண்டியின் மால்கின், சொந்தக்காரி. இவர்கள் எனக்குத் தெரியாமல் எனக்கு விற்றார்கள். இப்போது எனக்குத் தெரியாமல் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்கள்."

அந்த மனிதருக்குச் சந்திரம்மாள் மேல் இரக்கமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் மகளைப் பற்றிச் சொன்னதைப் பாதியில் கையமர்த்தினார். ஆனால் சொந்தக்காரி கையெழுத்துப் போடாத வண்டி தலைவலி என்பது அவருக்குப் புரிந்தது. "இந்த அம்மாள் கேட்பதைக் கொடுத்து முடியுங்கள், இல்லையென்றால் என் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று நாரங்கிடம் கறாராகச் சொல்லிவிட்டார். எட்டு வருடம் உழைத்தவள் கேட்டுக் கிடைக்காதது, வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொன்னதும் கிடைத்தது.

அரை மணியில் பாலசுப்ரமணியம் கடிதத்தைக் கொண்டுவந்தான். ஆங்கிலத்தில் இருந்தது. சந்திரம்மாள் காரை விட்டு இறங்கவில்லை. கடிதத்தைப் போனில் படமெடுத்து மகளுக்கு அனுப்பினாள். "ஒரு எழுத்து விடாமப் படி. இந்தில வேணாம், தமிழ்ல சொல்லு" என்றாள்.

மறுமுனையில் இளவரசி தட்டுத் தடுமாறிப் படித்தாள். "நீ வண்டி வாங்கினியாம். அப்றம்... கிஸ்த், அதான் மாசத் தவண, கட்ட முடியாம திருப்பிக் குடுத்துட்டியாம். அம்மா, இத குடுத்தா நம்மள பைசாக்காரங்கன்னு பக்கா பண்ணிடுவாங்க!"

சந்திரம்மாள் கண்ணாடி வழியே அந்தக் காகிதத்தைப் பாலசுப்ரமணியத்தின் முகத்தில் விட்டெறிந்தாள். "அக்கான்னு கூப்புட்ட வாய்தானடா இது? ரெண்டாவது தடவயும் ஏமாத்துறியா?"

"சாப் சொன்னத டைப் பண்ணேன் அக்கா."

"ஒனக்குன்னு ஒன்னும் கெடயாதா? கையி ஒன்னுதுதான?"

அவன் குனிந்து காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு போனான். இரண்டாவது கடிதத்தில் உள்ளது உள்ளபடி இருந்தது. இவர் எங்கள் யார்டில் வண்டி கழுவுபவர், இந்த வண்டிக்கு ஒரு பைசாவும் கொடுக்கவில்லை, ஒரு நாளும் ஓட்டவில்லை, விற்பனை எண்ணிக்கைக்காக நாங்களே இவர் பெயரில் பதிவு செய்தோம். இளவரசி இரண்டு தடவை படித்துச் சரி என்றாள். நாரங் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். வாங்க வந்தவர் சாவிக்குக் கை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை" என்றாள் சந்திரம்மாள். "சான்றிதழ் கைக்கு வரட்டும். அப்புறம்தான் என் கையெழுத்து." எவ்வளவு கத்தியும் அவள் அசையவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை அலுவலகத்தில் அதே குமாஸ்தா. கடிதத்தை மேலிருந்து கீழே படித்தான், கீழிருந்து மேலே படித்தான். "இப்படி இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டான்.

"நீ திட்டித் திருப்பி அனுப்பினாயே பத்துக்கு எட்டுப் பேர், அவர்களைக் கூப்பிட்டுக் கேள்" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும், கடிதத்தை அதிகாரியிடம் எடுத்துப் போனான். வியாழன் மாலை சான்றிதழ் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கல்லூரியில் கொடுத்து ரசீது வாங்கினார்கள். ரசீதைப் பார்த்து இளவரசி அழுதாள். அம்மாவைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன், அவள் சொல்லவில்லை. சந்திரம்மாள் அழவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு ஷோரூமின் முன்வாசல் வழியாக உள்ளே போனாள். முன்வாசல் வழியாக அவள் போனது அதுதான் முதல் தடவை. நாரங் படிவங்களைத் தள்ளி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். எதிர்பார்த்ததுதான். தமிழில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதினாள். எதில் போடுகிறோம் என்று தெரிந்து அந்தக் கட்டடத்தில் அவள் போட்ட ஒரே கையெழுத்து அது.

வாங்கியவர் மனைவியோடு மணியருகே தயாராக நின்றார். மூலையில் டிவி பேசிக்கொண்டிருந்தது. வேறொரு டை கட்டியவர், இந்த மாதமும் விற்பனை நன்றாக இருக்கிறது, மக்களுக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது என்றார். சந்திரம்மாள் அவர்களை விலக்கிக்கொண்டு போய், வாராவாரம் புளி போட்டுத் துலக்கிய அந்த மணியின் கயிற்றைப் பிடித்து அடித்தாள். ஒரு தடவை அல்ல, கை வலிக்கும் வரை அடித்தாள்.

மணி கேட்டால் கைதட்ட வேண்டுமல்லவா, பழக்க தோஷத்தில் எல்லோரும் தட்டிவிட்டார்கள். வாட்ச்மேனும் தட்டினார், டீக்காரரும் தட்டினார்.

"என் கார் விற்றுவிட்டது!" என்று இந்தியில் உரக்கச் சொன்னாள். "தன்தேரஸ் அன்றைக்கு எனக்கு விற்ற கார். அன்றைக்கு ஒருத்தரும் எனக்குக் கைதட்டவில்லை. உங்கள் பெயரிலும் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. போய்க் கேளுங்கள்!"

கைதட்டல் நின்றது. நாரங் அறையிலிருந்து ஓடி வந்தார். அதற்குள் வாட்ச்மேன் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாலசுப்ரமணியத்தின் மேஜைக்கு எதிரே போய் நின்று, "பாபுஜி, என் கார் எது?" என்று கேட்டார்.